அப்பச்சி முகப்புக்கு வருவதில்லை

கேள்வி: என் அப்பச்சிக்கு 71 வயது. நான்கு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபாவும் ரசாஜிலினும் சாப்பிடுகிறார். முகப்பில் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் பேசியவர், ஆறு மாதமாக வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டிலும் நாட்டமில்லை. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நடுக்கம் கூடிவிடும் என்கிறார் பெரியப்பச்சி. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கொடுக்கலாம். எழுதிய மருத்துவருக்கு ரசாஜிலின் விஷயம் தெரியுமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டும் சேரும்போது அரிதாக உடலில் செரடோனின் என்ற நரம்பு ரசாயனம் அளவு மீறிப்போகும். காய்ச்சல், கொட்டும் வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு என்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தெரிந்தே, கண்காணிப்போடு இரண்டையும் கொடுப்பவர்களும் உண்டு.

பெரியப்பச்சி சொல்வது முழுக்கத் தவறில்லை. சிலருக்கு நடுக்கம் சற்றுக் கூடுகிறது. ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்துகளை 12 வாரம் கொடுத்துப் பார்த்து 2012-இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது, உடல் அசைவு மோசமாகவில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொன்னதுமே நம் ஊரில் கைக்கு வரும் ஃப்ளூபென்திக்ஸால் கலந்த மாத்திரை, மூளையில் டோபமைனைத் தடுப்பது. டோபமைனைக் கூட்டும் லெவோடோபாவோடு அதையும் கொடுப்பது விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே திரியை இழுப்பது போல. பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினும் இந்த வயதில் எனக்குப் பிடிக்காது: மலச்சிக்கல், சிறுநீர்த் தடை, குழப்பம், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிதல். உயரமான நிலைப்படியும் வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல்லும் உள்ள வீட்டில் தலைசுற்றினால் இடுப்பெலும்புதான் போகும்.

செர்ட்ராலின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் சட்டென்று நிறுத்த வேண்டாம். முதல் மாதத்துக்குள் ரத்தத்தில் சோடியம் பாருங்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரியும் மாத்திரை சாப்பிடுபவரானால் கட்டாயம்.

இன்னொன்று: இந்நோயில் முகத் தசை இறுகும், குரல் தணியும். பேசாமல் இருப்பதெல்லாம் சோகமாகிவிடாது. மருத்துவர் அவரிடமே கேட்கட்டும், உங்களிடம் அல்ல.

போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கடையில் நீங்களே கேட்டு வாங்கிய இருமல் மருந்தும் அதில் இருக்கட்டும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்ததென்றால் ரசாஜிலினோடு அது சேரவே கூடாது.