ஃபேருக்குப் போங்கள் தம்பி, முதலில் மாட்டுக் கொட்டகைக்கு

தம்பி, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து ஆபீஸில் எல்லோரும் ஸ்டேட் ஃபேர், அதாவது வருடந்தோறும் நடக்கும் மாநில விவசாயப் பொருட்காட்சி, பேச்சாகவே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் சைவம், மகளுக்கு நான்கு வயது, ஊரிலிருந்து அம்மா வேறு வந்திருக்கிறார். பொரித்த தீனிக்கும் கூட்டத்துக்குமாக ஒரு முழு நாளைச் செலவழிக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

போங்கள். அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து 17 வருடம் ஆகிறது. முதல் மூன்று கோடையும் ஃபேர் பக்கமே போகவில்லை. நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். அந்த மூன்று வருடமும் எனக்குத் தெரிந்த மினசோட்டா என்பது அபார்ட்மெண்ட், ஆபீஸ், இந்தியக் கடை, மேப்பிள் க்ரோவ் கோயில், அவ்வளவுதான். ஊரைத் தாண்டிக் காரில் போனால் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும் மைல் கணக்கில் நிற்கும். அதை விதைத்தவர் யார், அறுப்பவர் யார், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குக் கவலைப்படுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றுகொண்டே அந்த மண்ணின் ஆட்களில் ஒருவரையும் அறியாமல் இருந்தேன்.

நான்காவது வருடம் என் அம்மா ஆறு மாத விசாவில் வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொழுவத்தில் இரண்டு மாடாவது இல்லாமல் இருந்ததில்லை. இங்கே வந்து இரண்டு மாதத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கார் எண்ணும் நிலைக்கு வந்துவிட்டார். மனம் கேட்காமல்தான் ஃபேருக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்து பத்து நிமிடம் நடந்திருப்போம். அம்மா நின்று, மூச்சை இழுத்து, "மாட்டு வாசனை வருதுடி" என்றார். அதற்கப்புறம் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன்.

கொட்டகையில் கறுப்பும் வெள்ளையுமாக ஹோல்ஸ்டீன் பசுக்கள் வரிசையாக நின்றன. ஒரு பசுவின் பக்கத்தில் பதினான்கு வயது இருக்கும், ஒரு பெண் பிள்ளை வைக்கோலில் உட்கார்ந்து அதன் வாலைச் சீவிக்கொண்டிருந்தாள். 4-எச் என்று பிள்ளைகளுக்கான ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் தாங்களே வளர்த்த ஆடு, மாடு, கோழி, பன்றி, முயலை இங்கே கொண்டுவந்து போட்டியில் நிறுத்துவார்கள். அம்மா நேராகப் பசுவிடம் போய்க் கழுத்தில் கை வைத்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம் தமிழிலேயே, "எத்தனாவது ஈத்து?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். இரண்டாவதாம். ஒரு நாளைக்கு முப்பது லிட்டருக்கு மேல் கறக்குமாம். அம்மா வாயில் கை வைத்தார். "ஆனா திமில் இல்லையே, நுகத்தை எங்க வைப்பாங்க?" என்றார். அந்தப் பிள்ளை திமிலுள்ள மாட்டை நேரில் பார்த்ததே இல்லை. போனில் காங்கேயம் காளையின் படத்தைக் காட்டினேன். அவள் தன் அப்பாவைக் கூப்பிட்டாள், அப்பா தாத்தாவைக் கூப்பிட்டார். அம்மா தன் லட்சுமிக்கு மடிவீக்கம் வந்து பிழைத்த கதையைச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொல்ல, அந்தத் தாத்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நான் இந்த மாநிலத்துக்காரர் ஒருவரோடு வேலையையும் வானிலையையும் தவிர வேறொன்றைப் பேசியது அன்றுதான் முதல் முறை.

அதனால்தான் சொல்கிறேன், தின்பண்டத்தில் தொடங்காதீர்கள், கொட்டகையில் தொடங்குங்கள். காலையில் மாட்டைக் குளிப்பாட்டும் நேரத்தில் போனால் நன்றாகப் பேசுவார்கள். 4-எச் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபேரின் முதல் சில நாட்களில் போங்கள், பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மகளை 'மிராக்கிள் ஆஃப் பர்த்' என்ற கட்டடத்துக்குக் கூட்டிப் போங்கள். கன்று, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி அங்கேயே பிறக்கும். பிறந்த கன்று எழுந்து நிற்கத் தடுமாறும்போது சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அமைதியாகிவிடுவார்கள்.

இந்த ஃபேர் வெறும் கேளிக்கையாகத் தொடங்கியதில்லை. மினசோட்டா 1858-இல் மாநிலமானது, அடுத்த வருடமே, 1859-இல், முதல் ஃபேரை நடத்திவிட்டார்கள். இங்கே என்ன விளையும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள விவசாயிகள் கூடிய இடம் அது. மதுரையில் பஸ் ஏறும் மாட்டுத்தாவணிக்கு அந்தப் பெயர் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தது இல்லையா? அங்கே பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, இங்கே மாடும் இருக்கிறது. பக்கத்து ஊரான ஃபால்கன் ஹைட்ஸில் இப்போதுள்ள மைதானத்தில் 1885 முதல் நடக்கிறது. 1901 செப்டம்பர் 2-ஆம் தேதி துணை ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 'மென்மையாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்திரு' என்ற தன் புகழ்பெற்ற வாசகத்தைப் பேசியது இந்த ஃபேரில்தான். பன்னிரண்டு நாள் கழித்து அவர் ஜனாதிபதியாகிவிட்டார். 1946-இல் இளம்பிள்ளை வாதம் பரவியபோதும், 2020-இல் கொரோனாவின்போதும் ஃபேர் நடக்கவில்லை. 2020-இல் காருக்குள் உட்கார்ந்தபடியே மைதானத்தைச் சுற்றித் தீனி வாங்கிப் போக டிக்கெட் விற்றார்கள், மக்கள் அதற்கும் வரிசையில் காத்திருந்தார்கள். முந்தைய வருடம், 2019-இல், பன்னிரண்டு நாளில் வந்தவர்கள் 21 லட்சத்துக்கு மேல்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கார்ன் டாக் என்பது மக்காச்சோளம் இல்லை. குச்சியில் செருகிய இறைச்சி சாசேஜை மாவில் தோய்த்துப் பொரித்தது. ப்ரோன்டோ பப் என்பதும் அதே இனம், இந்த ஃபேரில் 1947 முதல் விற்கிறார்கள். நான் விசாரிக்காமல் ஒரு கடையில் வாங்கிக் கடித்துவிட்டு அன்று முழுவதும் எதையும் சாப்பிட முடியாமல் இருந்தேன். குச்சியில் எதைப் பார்த்தாலும், உள்ளே என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

சீஸ் கர்ட்ஸ் என்றால் தயிர் இல்லை. செடார் சீஸை அச்சில் அழுத்தும் முன் எடுத்த சின்னச் சின்னக் கட்டிகள், மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். சூடாகக் கடித்தால் இழுபடும். இதற்காகவே ஃபேருக்கு வருகிறவர்களும் உண்டு. நீங்கள் கண்டிப்பான சைவம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். பாலைத் திரிக்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரிலிருந்து வந்ததா? அதே எண்ணெயில் இறைச்சியும் பொரிக்கிறார்களா? இரண்டாவது கேள்வி உருளைக்கிழங்கு வறுவலுக்கும் பொருந்தும்.

எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிடக்கூடியது சுட்ட மக்காச்சோளம். தோலோடு சுட்டு, தோலை உரித்துப் பின்னுக்கு மடக்கி, அப்படியே உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருவார்கள். மடக்கிய தோலே கைப்பிடி. மெரினாவில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தின்றவர்களுக்கு முதல் கடியில் சப்பென்று இருக்கும். இது நம் ஊரில் சுடும் முற்றிய கதிர் இல்லை, இனிப்புச் சோளம், பால் பருவம். அந்த இனிப்பு நாக்குக்குப் பிடிபட இரண்டு வாய் ஆகும். அப்புறம் விடமாட்டீர்கள். என் அம்மா மட்டும் இரண்டாவது கதிரிலிருந்து கைப்பையில் மிளகாய்ப்பொடி வைத்துக்கொண்டார்.

வேளாண்மைக் கட்டடத்தில் உறையவைத்த ஆப்பிள் சாறும் தேன் ஐஸ்கிரீமும் கிடைக்கும், இரண்டும் அருமை. ஸ்வீட் மார்த்தாஸ் என்ற கடை 1979 முதல் சாக்லேட் சிப் குக்கியை வாளியில் அடுக்கித் தருகிறது. வாளி விளிம்புக்கு மேலே கோபுரமாக நிற்கும். அதை வாங்கிக்கொண்டு பால் கடைக்குப் போங்கள். அங்கே சில டாலர் கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், சாக்லேட் பாலும் உண்டு. குக்கியில் முட்டை இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இண்டர்நேஷனல் பஜார் என்ற மூலையில் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை கிடைக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து இங்கே நிறையப் பேர் குடியேறியிருக்கும் ஹ்மாங் மக்களின் உணவையும் அண்மை வருடங்களில் அங்கே பார்க்கிறேன். ஒட்டும் அரிசிச் சோறு அம்மாவுக்குப் பிடிக்கலாம்.

எதையும் ஆளுக்கொன்று வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி நான்கு பேரும் கிள்ளிச் சாப்பிடுங்கள். இங்குள்ளவர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் ஒரு டெல்லி அப்பளத்தை ஆறு பேர் உடைத்துத் தின்ற அதே பழக்கம்தான்.

பால் கட்டடத்தில் ஒரு காட்சி உண்டு. கண்ணாடி அறை மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், உள்ளே கடும் குளிர். கனத்த கோட்டு போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். எதிரே ஒரு சிற்பி 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் அவள் முகத்தைச் செதுக்குவார். 'பிரின்சஸ் கே ஆஃப் த மில்கி வே' என்று பால்பண்ணைக் குடும்பப் பெண்களில் ஒருத்தியை வருடந்தோறும் தேர்ந்தெடுக்கிறார்கள், இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு வெண்ணெய்ச் சிலை. லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 1972-இல் தொடங்கி 2021 வரை இதைச் செய்தார். மீனாட்சி கோயிலில் காளிக்கு வெண்ணெய் உருண்டை எறிந்த சின்ன வயது என் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. செதுக்கி முடித்ததும் சிலையைப் பெண்ணின் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். ஊரையே கூப்பிட்டுச் சோளம் அவித்து அந்த வெண்ணெயைத் தடவிச் சாப்பிடும் குடும்பங்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். வேளாண்மைக் கட்டடத்தில் விதை ஓவியங்கள் மாட்டியிருப்பார்கள். பலகையில் ஒவ்வொரு விதையாக ஒட்டிச் செய்தவை. லில்லியன் கோல்டன் என்ற அம்மையார் விதையாலேயே முகங்களை வரைந்து இந்தக் கலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர். யார் வேண்டுமானாலும் போட்டிக்கு அனுப்பலாம், ஆனால் மினசோட்டாவில் விளையும் பயிரின் விதையாக இருக்க வேண்டும். ஒரு வருடம் நான் கோலம் செய்தேன். அரிசியும் உளுந்தும் முடியாது. பின்னணிக்கு வைல்ட் ரைஸ் என்னும் இந்த ஊர்க் கறுத்த காட்டரிசி, புள்ளிக்கு வெள்ளை பீன்ஸ், இழைக்கு மஞ்சள் கடுகு. பத்து வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன். பரிசு வரவில்லை. ஆனால் சுவரில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றபோது ஒரு வயதான அம்மாள் விரலைக் காற்றில் ஓட்டி இழை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்துகொண்டிருந்தார். முடிவில்லை, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் என்று சொன்னேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார். உங்கள் மனைவிக்குக் கோலம் வருமென்றால் அடுத்த வருடம் செய்யச் சொல்லுங்கள். பதிவு ஃபேர் தொடங்கும் முன்பே முடிந்துவிடும், ஜூன் மாதமே விதி என்ன என்று பார்த்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஃபேர் பன்னிரண்டு நாள், ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழன் தொடங்கி செப்டம்பரின் முதல் திங்களான லேபர் டேயோடு, இங்கத்திய தொழிலாளர் தினத்தோடு, முடியும். சனி, ஞாயிறு வேண்டாம், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. உங்கள் மகளுக்கு வேண்டாம், நான்கு வயதுவரை இலவசம். காரை மைதானத்துக்கு ஓட்டிப்போக முயற்சி செய்யாதீர்கள். ஊரைச் சுற்றிப் பல இடங்களில் இலவசமாக நிறுத்திவிட்டு இலவச பஸ்ஸில் போகலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. நான் எப்போதும் என் அம்மாவுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன், புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் உட்காரும் இடம் வரும்போதெல்லாம் உட்கார வையுங்கள், மைதானம் 300 ஏக்கருக்கு மேல். மூடியுள்ள டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மிச்ச குக்கியை வீட்டுக்குக் கொண்டுவரலாம். மகளுக்கு மாற்றுச் சட்டை ஒன்று. சோளத்து வெண்ணெய் முழங்கை வரை வழியும்.