ஹெட்டைக் கழற்றும் முன் ஒரு பாட்டிலைக் கட்டுங்கள்

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. 350 வி8 என்ஜின். வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் அரை லிட்டர் அளவுக்கு கூலன்ட் குறைந்திருக்கிறது. விளிம்புவரை ஊற்றி வைக்கிறேன். அடுத்த வாரமும் அதே கதைதான். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சூடு காட்டும் முள்ளும் ஏறுவதில்லை. பட்டறையில், “ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இரண்டு ஹெட்டையும் கழற்றி ஃபேசிங் போட (அடிப்பரப்பைக் கடைந்து சமமாக்க) வேண்டும்” என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள், குறைந்தது பத்து நாட்களுக்காவது. உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) அல்ல, “விளிம்புவரை” என்ற சொல்.

உங்கள் வண்டியின் காலத்து ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் தனி கூலன்ட் டப்பா இருக்காது. மூடியின் கழுத்திலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று புறப்பட்டுத் தரையைப் பார்த்துத் தொங்கும், அவ்வளவுதான். என்ஜின், ரேடியேட்டர், கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாவற்றிலுமாக ஏறக்குறைய 16 லிட்டர் சுற்றுகிறது. வெறும் தண்ணீரே 20 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது 3 சதவீதத்துக்குச் சற்று மேல் விரியும். கிளைக்கால் (கூலன்டில் தண்ணீரோடு கலக்கும் ரசாயனம்) கலந்த கூலன்ட் இன்னும் கூடுதலாக விரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை லிட்டரைத் தாண்டிவிடும். விளிம்புவரை நிரப்பிய பிறகு அந்த அரை லிட்டர் எங்கே போகும்? மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு, அந்தக் குழாய் வழியாக, ஓடும்போதே சாலையில் கொட்டிவிடும். வீட்டில் வந்து தேடினால் ஈரம் எப்படி இருக்கும்? காலையில் ஆறிய என்ஜினில் மட்டம் இறங்கியிருக்கும். நீங்கள் பதறிப்போய் ஊற்றுவீர்கள். நீங்கள் ஊற்றியதைத்தான் வண்டி துப்பிக்கொண்டிருக்கிறது.

எனவே முதல் வேலை, ஊற்றுவதை நிறுத்துவது. என்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் மூடியைத் திறங்கள். (சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்; துணி சுற்றித் திறக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.) ஒரு நேரான கம்பியைக் கழுத்தின் விளிம்பில் வைத்து உள்ளே விடுங்கள். ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். பிறகு தொங்கும் குழாயின் நுனியை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டு, விசிறியிலும் புகைக்குழாயிலும் படாதபடி கட்டிவிடுங்கள். பாட்டிலின் வாயை இறுக்கி மூட வேண்டாம், காற்று போக வழி இருக்கட்டும். வழக்கம்போல ஓட்டுங்கள். முதல் இரண்டு மூன்று பயணங்களில் பாட்டிலில் கொஞ்சம் சேரும். அதன்பின் பாட்டிலில் ஏறாமல், கம்பியில் ஈரமும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உங்கள் வண்டிக்கு நோயே இல்லை. கழுத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே நிற்பதுதான் அந்த ரேடியேட்டரின் இயல்பு. மேலே இருக்கும் வெற்றிடம் விரிவதற்காக விட்ட இடம்.

பட்டறையில் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரக் கூலி என்று அட்டவணை இருக்கிறது. பத்து நாட்கள் பொறுத்துப் பார்ப்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. கண்டுபிடித்தவனுக்குக் காசு இல்லை, கழற்றியவனுக்கு உண்டு. இந்தத் தொழிலை இப்படி ஏற்பாடு செய்து வைத்துவிட்டு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இன்னொரு ஆள் இருப்பான், அவனிடம் எச்சரிக்கையாக இருங்கள். “ஹெட்டை என்னிடம் கொடுங்கள், தெரிந்த லேத்தில் ஃபேசிங் போட்டுத் தருகிறேன்” என்று நடுவில் நுழைபவன். ஹெட் வளைந்திருக்கிறதா என்பதை நேர்ச்சட்டம் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு உங்கள் கண்முன் அளந்து காட்டாமல் கடையக் கொண்டுபோகிறவனுக்கு, கடைவதில் பங்கு இருக்கிறது என்று பொருள்.

அதே கூட்டத்தின் இன்னொரு கைவரிசை, கசிவை அடைக்கும் பொடி. பழைய பிக்கப்பை விற்கும் தரகர்களுக்கு இது உயிர். ரேடியேட்டரில் கொட்டினால் ஒழுகல் சில வாரம் நிற்கும், அதற்குள் வண்டி கைமாறிவிடும். அடைக்க வேண்டிய ஓட்டையை மட்டும் அடைக்க அதற்கு அறிவு இல்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். மூடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறச் சேறு போலவோ மினுமினுக்கும் துகளாகவோ ஒட்டினால், உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவரின் உபயமாக இருக்கலாம். நீங்கள் அதை ஊற்றாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடையில் யாரோ உங்கள் வண்டிக்குத் தனி டப்பா பொருத்தியிருந்தால் மேலே சொன்னது அப்படியே தலைகீழ். டப்பா உள்ள அமைப்பில் ரேடியேட்டர் விளிம்புவரை நிறைந்துதான் இருக்க வேண்டும். சூட்டில் விரிந்தது டப்பாவுக்குப் போகும், ஆறும்போது அதே வழியில் உறிஞ்சப்பட்டுத் திரும்பும். திரும்பி வருவதற்கு மூடியும் அதற்கேற்ற மூடியாக இருக்க வேண்டும். பழைய மூடியில் கீழே ஒரு ரப்பர் வளையம்தான் இருக்கும், கழுத்தின் உட்படியில் அழுந்துவதற்கு. டப்பாவுக்கான மூடியில் அதோடு மேல் விளிம்பிலும் இன்னொரு வளையம் இருக்கும். அந்த மேல் வளையம் இல்லையென்றால், என்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் டப்பாவிலிருந்து கூலன்டை இழுக்காமல் மூடியின் ஓரத்திலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். விளைவு, டப்பா நிரம்பிக்கொண்டே போகும், ரேடியேட்டர் குறைந்துகொண்டே போகும். நடுவிலுள்ள குழாயில் வெடிப்பு இருந்தாலும், அதன் நுனி டப்பாவுக்குள் கூலன்டில் மூழ்காமல் நின்றாலும் இதே கூத்துதான். குழாய் அடைத்திருந்தால் வேறு அடையாளம் தெரியும்: காலையில் ரேடியேட்டரின் பெரிய ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடக்கும். ஒரு மூடியை மாற்றினால் தீர்கிற இந்தச் சங்கதிக்கு ஹெட் கழற்றப்பட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மூடி வாங்கும்போது அதில் பொறித்த அழுத்தத்தைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு 15 பிஎஸ்ஐ. இந்த அழுத்தம்தான் கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல் உயர்த்திப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி முன்கூட்டியே திறந்து, கூலன்டைத் துப்பிவிடும்.

பத்து நாட்களுக்குப் பிறகு பாட்டிலில் மேலும் எதுவும் சேராமல் இருக்க, கம்பியில் ஈரம் மட்டும் நாளுக்கு நாள் இறங்கினால், அப்போதுதான் உண்மையான கசிவைத் தேட வேண்டும். மூடியின் இடத்தில் மாட்டிக் கையால் அழுத்தம் ஏற்றும் ஒரு சோதனைப் பம்பு இருக்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது 15 வரை ஏற்றி, அதற்கு மேல் போகாமல், கால் மணி நேரம் விட்டுவிடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. சூட்டில் சொட்டுமுன்பே ஆவியாகிவிடும் கசிவுகூட இப்போது ஈரமாகத் தெரியும். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் வாட்டர் பம்பின் அடிவயிற்றைப் பாருங்கள். தண்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும், அதைச் சுற்றி காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறை கோடாக இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. அடுத்து இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த்தொகுதி) பின்மூலைகள். அங்கே கசிவது என்ஜினின் பின்புறமாக இறங்குவதால் கண்ணில் படாது. உங்கள் என்ஜினில் ஹெட் போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள்ளேயே இறங்குகின்றன. முன்பு ஹெட்டைக் கழற்றியவர் மரையில் சீலன்ட் தடவாமல் முறுக்கியிருந்தால் போல்ட் தலையோரம் கசியும். கேஸ்கெட் நன்றாகவே இருக்கும், பழி அதன்மேல் விழும்.

ஹீட்டரை மறந்துவிடாதீர்கள். என் சொந்த வண்டியில் இரண்டு ஹெட்டையும் கழற்றிய பிறகு, பயணிப் பக்கத்து மிதியடியை எதேச்சையாகத் தூக்கினேன். அடியிலிருந்த சணல் விரிப்பு பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது, இனிப்பு வாடையோடு. கழற்றிய கேஸ்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கத்தான், கழற்றுவதற்கு அல்ல. ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்திருப்பதைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவார்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரக்காற்று படிந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆயில் குச்சியிலும் வெளுப்பு இருந்தால் அது வேறு, கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். நீல நிறத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குடுவையை ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுக்கும் சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் என்ஜினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் நீலம் மஞ்சளாக மாறும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றச் சம்மதியுங்கள். “எங்களிடம் அந்தக் கருவி இல்லை, அனுபவத்திலேயே தெரிந்துவிடும்” என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

பாட்டிலில் சேர்ந்த கூலன்ட் சுத்தமாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். திறந்து மட்டும் வைக்காதீர்கள். கிளைக்கால் நாக்குக்கு இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.