ராபின் ஹூட் கட்டுரை: எதோடு ஒப்பிடுவது?

நண்பரே, 1991இல் வந்த ராபின் ஹூட் படத்தின் பிழைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தீர்கள், ஆசிரியர் "எதோடு ஒப்பிட்டாய்?" என்று எழுதித் திருப்பிவிட்டார் என்கிறீர்கள். அவர் கேட்டது நியாயம்தான். ராபின் இங்கிலாந்தின் பழங்கதைகளில் வரும் காட்டுக் கொள்ளைக்காரன்; அப்படி ஒருவன் வாழ்ந்ததற்கே உறுதியான சான்று இல்லை. ஆகவே உங்கள் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்று, காலமும் இடமும். கதை நடப்பது 1194இல். படத்தில் வரும் தொலைநோக்கியோ 1608இல்தான் தலைகாட்டுகிறது. இங்கிலாந்தின் தென்கரையில் வெண்பாறையடியில் இறங்கும் ராபின், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள நாட்டிங்ஹாம் போகும் வழியில், ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் சுவரைக் கடக்கிறான். அந்தச் சுவர் நாட்டிங்ஹாமுக்கும் வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல்!

மற்றது பழங்கதை. கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1500ஐ ஒட்டி அச்சான நீண்ட கதைப்பாடலில் அரசன் பெயர், படத்தில் வருவதுபோல் ரிச்சர்டு அல்ல, எட்வர்டு. ராபின் பதுங்கும் இடமும் பெரும்பாலும் யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்டேல் காடு. அவனை ரிச்சர்டு காலத்தில் கொண்டுபோய் வைத்தவர் ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் மேஜர், 1521இல். ராபினின் காதலி மேரியன் அந்தப் பாடலில் கிடையவே கிடையாது. மே மாத விழாக் கூத்துகள் வழியே பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள்.

எனவே "ரிச்சர்டு கடைசியில் வருவது வரலாற்றுப் பிழை" என்ற உங்கள் வரியை அடித்துவிடுங்கள். 1194இல் அவர் உண்மையிலேயே சிறை மீண்டு நாடு திரும்பி நாட்டிங்ஹாம் கோட்டையை முற்றுகையிட்டார்.