ஊட்டிக்காரங்க சின்ன வயசுல ஹோம்மேட் சாக்லேட் தின்னுதான் வளர்ந்தீங்களா? உங்களுக்குப் பிடிச்ச மிட்டாய் எது?

கேள்வியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, மே மாசம் குடும்பத்தோட வந்து தொட்டபெட்டா, போட் ஹவுஸ் பாத்துட்டு ரெண்டு கிலோ சாக்லேட் வாங்கிட்டு எறங்குற ஆளு நீங்க. தப்பில்ல. ஆனா காலேஜ்ல சேர்ந்ததுல இருந்து இதே கேள்விய கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு, அதான் எழுதுறேன்.

இல்லங்க. கொக்கோ ஊட்டில விளையாது, அந்தக் குளிருக்கு செடி தாங்காது, பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிரா போடுவாங்க. குளிர் நமக்கு எதுக்கு ஒதவுதுன்னா, சாக்லேட்ட உருக்கி அச்சுல ஊத்துனா சீக்கிரம் இறுகும், கடையில வெளிய வச்சாலும் உருகாது. அவ்ளோதான். (சாக்லேட் கடைக்காரங்க சண்டைக்கு வராதீங்க, என் மச்சானே ஒரு கடைலதான் பேக்கிங்ல இருக்கான்.) நான் மொத மொத ஹோம்மேட் சாக்லேட் சாப்ட்டது பன்னெண்டாவது முடிச்சப்புறம். ஊட்டிக்காரங்க எல்லாருக்கும் சேத்து நான் பேசல, டவுன்ல வளந்தவங்க கதை வேறயா இருக்கலாம். நான் கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்ல (தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடு) வளந்தவன். தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குத் திரும்பி வந்தவங்க, பாட்டி கடைசி வரைக்கும் மிட்டாய "டொபி"ன்னுதான் சொல்லுச்சு.

எனக்குப் பிடிச்சது கமர்கட். தேன் மிட்டாய் வாயில போட்டா பாகு வடிஞ்சு ரெண்டு நிமிஷத்துல தீந்துரும், கமர்கட் ஸ்கூல்ல இருந்து வீடு வரைக்கும் வரும். அதுவும் எங்க ஊர் டிசம்பர் குளிர்ல கமர்கட்டுன்னா கருங்கல்லு, பல்லு எறங்காது. அடுப்புத் திண்டு மேல கொஞ்ச நேரம் வச்சா மேல லேசா வேர்த்து பளபளன்னு ஆகும், அப்ப எடுத்து கன்னத்துல அடக்கிக்கணும். அக்டோபர் நவம்பர் மழை எங்க பக்கம்தான் கொட்டும், அப்ப இதுக்கு நேரெதிர், வெல்லம் ஈரத்த இழுத்து பேப்பரோட ஒட்டிக்கும், பேப்பர உரிக்க முடியாம அப்பிடியே சப்பி பேப்பர தனியா துப்புவோம். உடனே கலர், கெமிக்கல்னு யாராவது வருவீங்க. துணிக்குப் போடுற ரோடமின் பி சாயம் கலந்துருக்குன்னு 2024 பிப்ரவரில தமிழ்நாட்ல தடை போட்டது பஞ்சு மிட்டாய்க்கு. கமர்கட்ல கலரே கெடையாது, வெல்லமும் தேங்காயும்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 88, 89 இருக்கும். லைனுக்கு கீழ ஒரு மலையாளி முஸ்லிமோட கடை, அவர காக்கான்னுதான் கூப்புடுவோம், எங்க வீட்டுக்கு அங்க பற்று நோட்டு, சம்பளத்தன்னிக்கு அம்மா போய் கணக்கு தீர்ப்பாங்க. கமர்கட் ஒண்ணு பத்து காசு. கையில காசு ஏது? காக்காகிட்ட கேட்டா எடுத்துக்கோ மோனேன்னு குடுத்துட்டு, கதவுப் பலகைல சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்குவாரு. முப்பது கோடு சேந்ததும் அழிச்சுட்டு எங்க நோட்டுல "வெல்லம் அரை கிலோ"ன்னு எழுதிருவாரு. நான் சொல்லிக் குடுக்கலங்க, அவரோட ஐடியாதான், இத இன்னிக்கும் எங்க அக்கா நம்ப மாட்டேங்குறா. எங்க வீட்ல பால் வாங்குறதில்ல, வரட்டீ போட்டு வெல்லத்த கடிச்சுக்கிட்டுதான் குடிப்போம், அதனால நோட்டுல வெல்லம்னு இருந்தா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு நெனச்சோம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா வெல்லம் வாங்குறப்பல்லாம் அடுப்பங்கரை செவுத்துல கரித்துண்டால ஒரு கோடு இழுத்து வச்சுருக்காங்க, அது எங்க யாருக்கும் தெரியாது. சம்பளத்தன்னிக்கு காக்கா நோட்ட வாசிச்சாரு, வெல்லம் ஆறு தடவைன்னு. செவுத்துல நாலு கோடு. அம்மா கடையில ஒண்ணுமே பேசல, பணத்த எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து என் ஜாமெட்ரி பாக்ஸ தொறந்தா உள்ள பதினோரு கமர்கட்டு.

அடிக்கல. அம்மிக்கல்லுல வச்சு ஒண்ண ரெண்டா ஒடச்சாங்க, கொதிக்கிற டீத்தண்ணில போட்டாங்க. "வெல்லம்னுதான எழுதிருக்கு, வெல்லத்த போட்டுதான டீ குடிக்கணும்." பதினொண்ணும் தீர்ற வரைக்கும் வீட்ல எல்லாருக்கும் அந்த டீதான். டம்ளர்ல மேல எண்ணெ மினுக்கும், தேங்காப் பூ மிதக்கும், அப்பா ஒவ்வொரு வாய்க்கும் துப்பிக்கிட்டே என்னைய பாப்பாரு. பாட்டி மட்டும் நல்லாருக்குன்னு ரெண்டாவது டம்ளர் கேட்டுச்சு.

எஸ்டேட்ல எல்லாரும் இப்பிடித்தான்னு எடுத்துக்காதீங்க. கூடப் படிச்ச படுகர் வீட்டுப் பசங்க விசேஷத்துக்கு எண்ணெஹிட்டு (எண்ணெல பொரிச்ச இனிப்புப் பலகாரம்) கொண்டு வருவாங்க, அதுக்கு முன்னாடி கமர்கட்டெல்லாம் நிக்காது. வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சுருச்சு, நாங்க தின்னது பேக்கரில மிஞ்சுன ஒடஞ்ச வர்க்கித் தூள், பேப்பர்ல சுருட்டிக் குடுப்பாங்க, அதுல வாசம் இன்னும் ஜாஸ்தி.

சம்பந்தமில்லாம ஒண்ணு. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கெல்லாம் ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும். கூட்டத்துக்கு அது வேணும்தான், வேணாம்னு சொல்லல. ஆனா கல்யாணம் ஆகி கோயமுத்தூர் போன என் அக்கா வண்டி டிஎன் 38. நீலகிரி நம்பரான டிஎன் 43 இல்லாததால பொறந்த வீட்டுக்கு வர பாஸ் எடுக்குறா, போன சீசன்ல நெட்டு கெடைக்காம பாதி வழில நின்னு எனக்கு போன் போட்டு அழுதா. வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அம்மாவ பாக்கன்னு போட எடமில்லையாம்.

சரி, உங்களுக்கு கமர்கட் வேணும்னா சாக்லேட் கடைல கேக்காதீங்க, செக்கிங் போஸ்ட் மாதிரி மேலயும் கீழயும் பாப்பாங்க. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடைகள்ல பிளாஸ்டிக் ஜாடில பாத்துருக்கேன். காலைலயே வாங்கிட்டா ஒடனே கடிச்சுராதீங்க, சட்டப் பையில போட்டு ஒரு டீ குடிச்சுட்டு அப்புறம் வாயில போடுங்க.