ஊருக்கு வரமாட்டேன் என்ற தம்பிக்கு

அன்பின் அண்ணனுக்கு,

ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். வேலை கொழும்பில், புடவைக் கடையில். இனி எந்தத் தேர்தலுக்கும் பஸ் ஏறுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். லீவு கேட்டால் கடையில் சம்பளம் வெட்டு. யார் வந்தாலும் நாங்கள் இருக்கிற வரிசை வீடான லயம் லயம்தான். தாத்தாவை நாடற்றவராக்கியதும் அரசு, வீட்டுக்கு உறுதிப் பத்திரம் தராமல் இழுத்தடிப்பதும் அரசு. வாக்குப் போடுவது, ‘நீ என்னை ஆள எனக்குச் சம்மதம்’ என்று கைநாட்டு வைப்பதுதானே? அரசே இல்லாமல் சனங்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதா? தொழிற்சங்கத் தலைவர்மார் என்னைக் கெட்டுப்போனவன் என்கிறார்கள்.

- ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

கெட்டுப்போனவன் என்று நான் சொல்லமாட்டேன். அரசைச் சந்தேகப்பட மலையகத்தானுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1947இல் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய சனம், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த வருசத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்காளர் இடாப்பில் இல்லாமலே போனது.

ஆனால் அந்தச் ‘சம்மதம்’ எனக்கு இடிக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் சனத்தை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. நாடற்றிருந்த அந்தச் சனம் வாக்குப் போடவுமில்லை, உங்கள் கணக்குப்படி சம்மதிக்கவுமில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார்க் கோச்சி ஏறாமல் தப்பினார்களா?

பிறகு 1988இல் மிச்சப் பேருக்கும் பிரசாவுரிமை என்று சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் சனாதிபதித் தேர்தல். கருணை பொங்கி வந்ததென்று நான் நம்பவில்லை. வாக்கை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எண்ணட்டும், எனக்கு அது போதும். (அப்படியும் வேலை முடியவில்லை. 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.)

அரசில்லாத இடம் எப்படியிருக்கும் என்கிறீர்கள். நீங்கள் பிறந்த தோட்டத்தைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே, தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கையை விரித்தார்கள். 2018இல்தான் திருத்தினார்கள். அதுவரை அங்கே சனங்களா ஆண்டார்கள்? தோட்டத்தை நடத்துகிற துரை ஆண்டார். கூரைத் தகரம் மாற்றவும், காம்பிராவோடு ஒரு குசினி இறக்கவும் ஆபீசில் போய் நிற்கவேண்டும். இன்றைக்கும் எத்தனையோ லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்துப் பெயருக்கு வந்து ஆபீஸ் மேசையில் குவியும். யாராவது எடுத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதுவும் ஓர் அரசுதான் தம்பி, தேர்தல் வைக்காத அரசு.

வராமலிருந்து தண்டிக்கவும் முடியாது. இத்தனை வீதம் பேர் வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்ற நிபந்தனை நம் சட்டத்தில் இல்லை. சனாதிபதிக்கு ஐம்பது வீதத்துக்கு மேல் வேண்டும் என்பதும் செல்லுபடியான வாக்குகளில் மட்டும். வராதவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

தலைவர்மார் விசயத்தில் நான் உங்கள் பக்கம். சம்பளத்தில் சந்தா வெட்டுப்படுகிற மாதிரி வாக்கும் தானாக வரவேண்டும் என்று பழகிவிட்டார்கள். சம்பளம் பேசுகிறவரே அமைச்சரவையிலும் உட்கார்ந்தால் யாரிடம் யார் கேட்பது? நாளுக்கு 1,000 ரூபாய் என்பது மேடை மேடையாக ஏறி இறங்கி, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு எதிராகப் போடுங்கள். அதற்கும் வந்துதான் ஆகவேண்டும்.

தேர்தலோடு விடவும் வேண்டாம். வீட்டு உறுதி எங்கே நிற்கிறது என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். கடிதம் கிடைத்ததற்குத் துண்டு வாங்காமல் திரும்பாதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ்ப் பிரசைதான் கேட்கலாம். அப்போது சட்டம் இருந்திருந்தாலும் உங்கள் தாத்தாவால் கேட்டிருக்க முடியாது.

கடைக்காரர் விசயம். வாக்களிக்கத் தனியார் துறைக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. வாக்குப் போடப் போகிற தூரம் நூறு கிலோமீற்றருக்கு மேல், 150 வரை என்றால் ஒன்றரை நாள், அதற்கும் மேலென்றால் இரண்டு நாள். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.