பழைய குப்பி

அன்புள்ள ஐயா,

நான் தாவரவியல் முதுகலை மாணவன். நைட்ரிக் ஆக்சைடு வாயுவை விடும் உப்பான சோடியம் நைட்ரோபுருசைடின் கரைசல் ஊற்றிய நாற்றுகளில் பக்கவேர்கள் கூடின. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு புரதப் பட்டைகளும் தடித்தன. நைட்ரிக் ஆக்சைடு புரத உற்பத்தியைக் கூட்டுகிறது என்று எழுதிவிடலாமா? வண்டிப் புகையில் இருக்கும் நச்சு வாயு செடிக்கு எப்படி நல்லது செய்யும்?

க.

அன்புள்ள க.,

நச்சுக் கதையை விடுங்கள். நம் ரத்தக் குழாய்களே அந்த வாயுவைச் சுரக்கின்றன. 1998 மருத்துவ நோபல் அதைக் கண்டறிந்ததற்குத்தான். செடியில் கொஞ்சமாக இருந்தால் தூண்டும், மிஞ்சினால் முடக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ‘எழுதிவிடலாமா’ இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. உங்கள்மேல் அல்ல, என்மேல். மாணவனாக இருந்தபோது இதே உப்பை வைத்து ஓராண்டு விதை முளைக்கவைத்தேன். அருமையான முடிவுகள். ஒருநாள் ஜன்னலோரம் மறந்துபோய் நிறம் மாறிக் கிடந்த பழைய கரைசலைச் சோம்பலில் ஊற்றினேன். அதிலும் விதைகள் ஜோராக முளைத்தன! வாயு எப்போதோ போய்விட்ட கரைசல் அது. அப்படியானால் முளைக்கவைத்தது எது? அந்த உப்பு வெளிச்சத்தில் நைட்ரிக் ஆக்சைடை மட்டும் விடுவதில்லை, சயனைடையும் விடும். சில விதைகளின் உறக்கத்தைச் சயனைடும் கலைக்கும். என் ஓராண்டு அன்று மாலையே குப்பைக்குப் போனது.

உங்கள் கடிதத்தில் கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை, என்ற சொல்லே இல்லையே, ஏன்? வெறும் தண்ணீர் ஊற்றிய நாற்று கண்ட்ரோல் ஆகாது. வாயு தீர்ந்த கரைசல் ஒன்று வேண்டும். சயனைடு இருந்தும் இந்த வாயுவைத் தராத பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஒன்று வேண்டும். வாயுவைப் பிடித்து விழுங்கும் சிபிடிஐஓ என்ற வேதிப்பொருள் சேர்த்தது ஒன்று வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நீங்கள் எழுதப்போவது ‘ஏதோ ஊற்றினேன், ஏதோ நடந்தது’ என்பதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

பட்டைகளையும் அவ்வளவு நம்பாதீர்கள். இந்த வாயு புரதத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புரதத்தின் அளவு அப்படியே இருக்கும், நடத்தை மாறிவிடும். உங்கள் ஜெல்லில் அது தெரியவே தெரியாது.

சரி, பக்கவேர் பற்றி எழுதியிருந்தீர்கள், அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அலமாரியைத் திறந்து குப்பியைப் பாருங்கள். கரைசல் இப்போது என்ன நிறம்?