மெட்டுக்கு மேலே மேகம் இறங்கினால் எந்த விளக்கு?

போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆடி, ஆவணி மாதங்களில், மலையேறிக் கேரளத்துக்குள் நுழையும் கணவாயான போடிமெட்டை நெருங்கும்போதே மேகம் சாலையை மூடிவிடுகிறது. பிரைட் போட்டால் எதிரே வெறும் வெண்மைதான் தெரிகிறது, டிம் போட்டால் கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும்படி சக ஓட்டுநர்கள் சொல்கிறார்கள், எல்.இ.டி. பல்புக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் என்கிறார் மெக்கானிக். இவற்றில் எது சரி என்பது அவருடைய கேள்வி.

டிம்மிலேயே ஓட்டுங்கள். ஃபாக் லைட் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போடாதீர்கள். பல்பை மாற்றுவதற்கு முன்னால் பின்பக்க விளக்குகளைக் கவனியுங்கள். மேகத்துக்குள் உங்களுக்குப் பாதை தெரிவதைக் காட்டிலும் மற்றவர்களுக்கு உங்கள் வண்டி தெரிவதற்குத்தான் விளக்கு அதிகம் பயன்படுகிறது.

மேகம் என்பது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகளின் திரள். விளக்கொளி அவற்றில் பட்டவுடன் எல்லாத் திசையிலும் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பிரைட் ஒளி உங்கள் பார்வை செல்லும் அதே உயரத்தில், நேராக, நெடுந்தூரம் பாய்வதால், வழியிலுள்ள துளிகள் யாவும் ஒளிர்ந்து சாலையை மறைத்துவிடுகின்றன. டிம் ஒளி தாழ்ந்து தரையை நோக்கி விழுவதால் பார்வைக் கோட்டில் ஒளிரும் துளிகள் குறைவாக இருக்கும். ஃபாக் லைட்டை பம்பரில் தாழ்வாகப் பொருத்துவதும், அதன் ஒளி மேலே எழும்பாமல் தட்டையாக, அகலமாக விரியும்படி செய்திருப்பதும் இதற்காகத்தான். மலைச்சாலையில் அது காட்டும் வெள்ளைக் கோடும் தார் விளிம்பும் பெரிய உதவி. மஞ்சள் ஒளி மேகத்தைத் துளைத்துச் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். மேகத்தின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சள் சிலருக்குக் கண் கூசாமல் இருக்கலாம், அவ்வளவே. விளக்கு எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போடிப் பக்கம் மழை மறைவுப் பகுதியாக இருப்பதால் அடிவாரத்தில் வெயிலும் பலத்த காற்றும் இருக்கும்; அதே நேரத்தில் மெட்டுக்கு மேலே இடுக்கிப் பக்கத்து மேகம் முகட்டைத் தாண்டி வழிந்துகொண்டிருக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் கீழ்ப்பகுதி பளிச்சென்று தெரிவதால், விளக்கைப் பற்றிய நினைவே ஓட்டுநருக்கு வருவதில்லை. மேகத்துக்குள் நுழைந்த பிறகு, ஸ்டியரிங்கையும் கியரையும் கவனிக்க வேண்டிய வேளையில், சுவிட்சைத் தேடுகிறார். அடிவாரத்திலுள்ள முந்தலில் ஏறத் தொடங்கும்போதே, வெயில் அடித்தாலும், டிம்மைப் போட்டுவிடுவதுதான் நல்ல பழக்கம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இரவில் மட்டுமன்றி, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கெரிய வேண்டும் என்றே சொல்கின்றன. 2017 ஏப்ரல் முதல் வந்த இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போது முன்விளக்கு தானாகவே எரிகிறது. பழைய வண்டிக்காரர்கள் அதைக் கையால் செய்ய வேண்டும்.

பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு செல்வது போதாது. பகல் வெளிச்சம் கலந்த மேகத்தில் அந்த மங்கிய ஒளி மிக அருகில் வந்த பிறகே புலப்படும். புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. வண்டி ஓடும்போது முன்னால் தானாக எரியும் பகல் விளக்கை (டி.ஆர்.எல்.) பார்த்து எல்லா விளக்கும் எரிவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. அடுத்தது, விளக்கு சுவிட்சை ஆட்டோ என்ற நிலையில் விட்டுவிடுவது. அந்த நிலையில் விளக்கை இயக்கும் சென்சார் இருட்டை உணருமே தவிர மேகத்தை உணராது. பகலில் மேகம் வெண்மையாக ஒளிரும்போது வெளிச்சம் போதும் என்று கருதி விளக்கை அணைத்தே வைத்திருக்கும். ஆகவே மலையில் டிம்மைக் கையால் போடுவதே பாதுகாப்பு.

நான்கு இண்டிகேட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது நல்லெண்ணத்தில் பரவிய தவறு. அந்த விளக்கு, வண்டி நின்றுவிட்டது அல்லது பழுதாகிவிட்டது என்பதை மற்றவர்களுக்குத் தெரிவிப்பதற்காக இருக்கிறது. ஓடும் வண்டியில் அதை எரியவிட்டால், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா என்று புரியாது. இதைவிடக் கேடு, பூப்பாறை முக்கில் நீங்கள் சாந்தன்பாறைப் பக்கம் திரும்பப் போவதைக் காட்ட உங்களிடம் இண்டிகேட்டரே இருக்காது. எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால், உண்மையிலேயே வளைவில் பழுதாகி நிற்கும் லாரியை அடையாளம் காண வழியில்லை. முன்னால் ஏதோ அடைத்துக்கொண்டு திடீரென்று நிற்க வேண்டி வந்தால், பின்னால் வருபவரை எச்சரிக்கச் சிறிது நேரம் போடலாம். வண்டிகள் நகர்ந்ததும் அணைத்துவிடுங்கள்.

இனி எல்.இ.டி. பல்பு. ஜீப்பின் முன்விளக்கில் இருக்கும் ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும், ஹாலஜன் பல்பின் இழை எந்த இடத்தில் இருக்குமோ அதைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டவை. அந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி தோன்றும் இடம் மாறி, டிம்மிலும் ஒரு பகுதி மேலே சிதறும். தெளிந்த இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். மேகத்தில் உங்கள் கண்ணையே கூசவைக்கும். அனுமதித்ததைவிட அதிக வாட் ஹாலஜன் போடுவதும் வேண்டாம். ஹோல்டரும் வயரும் சூடேறி உருகும். அந்தப் பணத்தில் விளக்கின் கண்ணாடியைச் சுத்தம் செய்து, ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் மாற்றி, கோணத்தைச் சரிசெய்யுங்கள். பின்னால் ஆட்கள் நிறைய ஏறினால் வண்டியின் முன்பக்கம் நிமிர்ந்து, உங்கள் டிம் பிரைட்டைப் போலவே மேலே அடிக்கும். கோணத்தைச் சரிபார்க்கும்போது வழக்கமான சுமையோடு வைத்துப் பாருங்கள். முன்விளக்கின் உயரத்தைக் குறைக்கும் திருகு டேஷ்போர்டில் உள்ள வண்டிகளில் சுமை ஏறியதும் அதைக் கீழே இறக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பின்விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அதுதான் கவலை. தோட்ட ஜீப்புகளில் பின்படியில் ஆட்கள் நிற்பார்கள், படுதா தொங்கும், செம்மண் சேறு தெறித்து விளக்கின் மேல் படிந்திருக்கும். ஏறி வரும் பேருந்தின் ஓட்டுநருக்கு இவ்வளவையும் தாண்டித்தான் உங்கள் சிவப்பு விளக்கு தெரிய வேண்டும். காலையில் புறப்படும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். யாராவது ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்து இரு பக்கமும் எரிகிறதா என்று கேளுங்கள். பின்படியில் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும். ஒளி பட்டால் பிரகாசிக்கும் பட்டைகளையும் ஒட்டுங்கள்: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. பின்பக்க ஃபாக் லைட் உள்ள வண்டியில் மேகத்துக்குள் அதைப் போடலாம். மேகம் விலகியதும் அணைத்துவிட வேண்டும், அதன் கூர்மையான சிவப்பில் பிரேக் விளக்கு எரிவது தெரியாமல் போகும்.

எந்த விளக்கும் வேகத்துக்கு ஈடு செய்யாது. 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 16 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். நனைந்த சாலையில் நிற்க இன்னொரு 15 மீட்டராவது வேண்டும். ஆக 30 மீட்டர் கூடத் தெரியாத மேகத்தில் 40 என்பது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதுதான். 20 கி.மீ. வேகத்தில் சமதரையில் ஏறக்குறைய 12 மீட்டருக்குள் நின்றுவிடலாம். ஒரு தடுப்புக்கல் கண்ணில் பட்ட நொடியிலிருந்து அது உங்களைக் கடக்கும் வரை மனதுக்குள் எண்ணுங்கள். மூன்று வினாடிக்குள் கடந்துவிட்டால் வேகம் அதிகம். இறக்கத்தில் நான்கு வினாடி வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத குறுகிய பகுதியில், தெரியும் தூரத்தின் பாதிக்குள் நிற்கும்படி இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும். பக்கத்தில் மரமும் பாறையும் தெரியாதபோது நம் வேகம் நமக்குக் குறைவாகவே தோன்றும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்கத் தவறாதீர்கள். முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வாலிலேயே செல்வதும் கூடாது.

தெளிந்த இரவில் கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டியின் ஒளி முன்கூட்டியே தெரியும். மேகத்தில் அது தெரியாது. எனவே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்து, ஒரு கணம் ஜன்னலை இறக்கி, பதில் ஹாரன் வருகிறதா என்று கேளுங்கள். இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. முன்கண்ணாடியின் உள்ளே ஆவி படிந்து பூத்தால் வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஏசியோடு கண்ணாடியை நோக்கி ஊதவிடுங்கள். ஏசி இல்லாத ஜீப்பில் இரு பக்கமும் சற்றே திறந்து வைப்பதும், கண்ணாடியின் உட்புற எண்ணெய்ப் பிசுக்கை முந்தின நாளே சோப்பு நீரால் துடைத்துவைப்பதும் உதவும்.

ஒன்றுமே தெரியாத அளவுக்கு மேகம் அடர்ந்தால், தார்ச்சாலையை விட்டு முழுமையாக ஒதுங்க இடம் கிடைக்கும் வரை மெதுவாகச் சென்று, வளைவிலிருந்து விலகி நிறுத்துங்கள். இப்போதுதான் நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டும். டிம்மை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைப் பார்த்து வருபவர் அங்கே சாலை போகிறது என்று எண்ணி ஓரத்துக்கு வந்துவிடக்கூடும். சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் வளைவுக்கு அப்பால் வையுங்கள். ஏறி வந்த ஆட்களை வண்டிக்குள்ளேயும், வண்டிக்குப் பின்னாலும் நிற்கவிடாமல், மண்சரிவோ பள்ளமோ இல்லாத பக்கத்தில் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்யுங்கள்.